95 கெஜத்தையும் தந்த நடுவர்

1954 ஜனவரி 1. டல்லாஸ் நகரில் அமெரிக்கக் கால்பந்தின் காட்டன் பவுல் ஆட்டம். ரைஸ் பல்கலைக்கழகத்தின் டிக்கி மெய்கிள் தன் அணியின் 5 கெஜக் கோட்டிலிருந்து தொடங்கிய நகர்வில் பந்தை வாங்கி, எல்லைக்கோட்டை ஒட்டி ஓடுகிறார். துரத்தியவர்கள் பின்தங்கிவிட்டார்கள். எதிரே ஆளே இல்லை. பாதி மைதானத்தைத் தாண்டிய நேரத்தில், எதிரணியான அலபாமாவின் பெஞ்சில் இருந்த டாமி லூயிஸ், தலையில் ஹெல்மெட்கூட இல்லாமல் உள்ளே பாய்ந்து அவரைச் சாய்த்துவிட்டார். சாய்த்த கையோடு எழுந்து பெஞ்சுக்கே போய்விட்டார்.

நடுவர் கிளிஃப் ஷா, மெய்கிள் விழுந்த இடத்தில் பந்தை வைக்கவில்லை. எதிரணிக் கோட்டை அடைந்ததாகவே கொண்டு டச்டவுன் என்று அறிவித்தார். 95 கெஜமும் மெய்கிள் கணக்கில் ஏறியது. ஆட்டம் 28-6 என ரைஸுக்குப் போனது. அலபாமாவின் அந்த 6 புள்ளிகளை எடுத்தவரும் லூயிஸ்தான். தோற்கப் பிடிக்காத ஆத்திரத்தில், தன்னை மறந்து பாய்ந்த இளைஞர் அவர்.

ஷாவின் தீர்ப்பு சரியானது என்பதில் எனக்குத் துளியும் சந்தேகமில்லை. கிரிக்கெட்டில் கீப்பருக்குப் பின்னால் வைத்த ஹெல்மெட்டில் பந்து பட்டால் 5 ரன்; அளவு எழுதி வைத்தது, அம்பயர் யோசிக்க வேண்டியதில்லை. அமெரிக்கக் கால்பந்து விதிகளில் கண்கூடான அநியாயத்துக்கு அப்படி அளவு கிடையாது. நடுவர் சக நடுவர்களைக் கலந்துகொண்டு, நியாயம் என்று படுவதைக் கொடுக்கலாம், புள்ளியே கொடுக்கலாம். குறுக்கீடு இல்லாவிட்டால் என்ன நடந்திருக்கும் என்று கணித்துச் சொல்லும் பொறுப்பு அவருடையது. பெரிய பொறுப்புதான். ஆனால் அதைச் சுமக்கத்தானே நடுவர் நிற்கிறார்?

ஆனால் குறுக்கீடு முதலில் அவர் கண்ணில் பட வேண்டும். 2010 டிசம்பரில், தொழில்முறை அணிகளான ஜெட்ஸ் - டால்ஃபின்ஸ் ஆட்டம். பந்தை உதைத்து அனுப்பியதும், டால்ஃபின்ஸின் நோலன் கேரல் கோட்டுக்கு வெளியே தள்ளப்பட்டு ஜெட்ஸ் பக்கமாக ஓடி வருகிறார். அங்கே ஜெட்ஸ் ஆட்கள் வரிசைகட்டி நிற்கிறார்கள். உடற்பயிற்சியாளர் சால் அலோசி முழங்காலை நீட்ட, கேரல் குப்புற விழுகிறார். தவறு என்று காட்டும் நடுவரின் கொடி விழவில்லை. கோட்டோர நடுவர் தானும் ஓடிக்கொண்டே பந்தையும் ஆட்டக்காரர்களையும் கவனிக்கிறவர். கோட்டுக்கு வெளியே நிற்கும் பயிற்சியாளரின் முழங்காலை எங்கே பார்ப்பார்? அந்த வரிசையை நிறுத்தியதே அலோசிதான் என்பது பிறகுதான் வெளிவந்தது. அதற்குள் ஆட்டம் முடிந்துவிட்டது.

2013 நன்றியறிதல் நாள் ஆட்டத்தை அப்படி விட்டுவிட முடியாது. ரேவன்ஸின் ஜக்கோபி ஜோன்ஸ் பந்தோடு பறந்து வருகிறார். ஸ்டீலர்ஸ் தலைமைப் பயிற்சியாளர் மைக் டாம்லின், ஆட்டத்துக்கு முதுகைக் காட்டி, ராட்சதத் திரையைப் பார்த்தபடி கோட்டோரம் நிற்கிறார். கடைசி நொடியில் துள்ளி விலகியபோது ஒரு கால் மைதானத்துக்குள். ஜோன்ஸ் ஒதுங்க வேண்டியதாயிற்று; 73 கெஜத்தில் பிடிபட்டார். அப்போதும் கொடி இல்லை. டாம்லினுக்கு 1,00,000 டாலர் அபராதம் பின்னால் வந்தது. டச்டவுன் கொடுத்திருக்க வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். ஜோன்ஸைப் பின்னாலிருந்து பிடிக்க ஆள் இருந்தார். ஆனால் கொடியை வீசி, கூடிப் பேசி, கொஞ்சம் கெஜமாவது அன்றே கொடுத்திருக்க வேண்டும். அபராதப் பணத்தில் ரேவன்ஸுக்கு ஒரு கெஜமும் கிடைக்கவில்லை. அவர்கள் 22-20 என்று வென்றதால்தான் விஷயம் அத்தோடு அடங்கியது.