அறுபது ரூபாய் தள்ளுபடி

2022 மே 17, எல்.ஐ.சி. பங்கு சந்தைக்கு வந்த முதல் நாள். வெளியீட்டு விலை 949 ரூபாய். பாலிசிதாரர்களுக்கு 60 ரூபாய் தள்ளுபடி போக 889. தேசியப் பங்குச் சந்தையில் வியாபாரம் தொடங்கியதோ 872-ல். தள்ளுபடியும் போயிற்று, கைக்காசில் 17 ரூபாயும் போயிற்று.

"பங்கு என்றால் ஏற்ற இறக்கம் இருக்கும், தெரிந்துதானே போட்டார்கள்?" என்கிறார்கள் சிலர். நான் ஒப்ப மாட்டேன். நம் ஒத்தக்கடையில் மாதாமாதம் பிரீமியம் கட்டுகிறவர்கள் சந்தை நிலவரம் பார்த்தா விண்ணப்பிப்பார்கள்? 1956-லிருந்து இருக்கிற நிறுவனம், அரசாங்க உத்தரவாதம் உண்டு என்ற நம்பிக்கைதான். அந்த உத்தரவாதம் பாலிசிக்கு உண்டு, பங்குக்குக் கிடையாது. பான் எண்ணை இணையுங்கள், டிமேட் கணக்கு தொடங்குங்கள் என்று பாலிசிதாரர்களைக் கூவி அழைத்தவர்கள், இந்த வித்தியாசத்தையும் அதே பெரிய எழுத்தில் போட்டிருக்க வேண்டாமா? திரண்ட சுமார் 21,000 கோடி ரூபாயும் எல்.ஐ.சி.க்குப் போகவில்லை, 3.5 சதவீதப் பங்கை விற்ற மத்திய அரசுக்குப் போயிற்று.

நான் பிரெஞ்சில் படித்தவன். அந்த மொழியில் காப்பீட்டுக்கும் மன உறுதிக்கும் 'அசுரான்ஸ்' என்று ஒரே சொல்தான். பாலிசி எடுக்கும்போது ஜனங்கள் கொடுத்தது அந்த உறுதியை நம்பி. அதே நம்பிக்கையைக் காட்டிப் பங்கு விற்றது நியாயமில்லை.