தமிழ் மாதம் கேட்கும் முன் ‘தமிழ்’ என்று எழுதுவோம்

தை பிறந்தால் போதும், ஒக்லாந்தில் இருக்கிற நம்முடைய வாட்ஸ்அப் குழுக்களில் கனடியப் பிரதமரின் பொங்கல் வாழ்த்து வந்து விழும். கூடவே ஒரு கேள்வியும் வரும்: "கனடாவில தமிழ் மரபுத் திங்கள் இருக்கு. இங்க மட்டும் ஏன் இல்லை?"

நியாயமான கேள்விதான். 2016 ஒக்டோபர் 5ஆம் தேதி, கெரி ஆனந்தசங்கரி கொண்டுவந்த தீர்மானத்தை கனடிய நாடாளுமன்றம் ஒருமனதாக ஏற்று, ஜனவரியைத் தமிழ் மரபுத் திங்களாக அறிவித்தது. நியூசிலாந்திலும் அப்படி ஒன்று வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. ஆனால் எதை முதலில் கேட்பது என்பதில் எனக்கு ஒரு வேறு எண்ணம் உண்டு.

கனடாவின் தீர்மானம் வானத்தில் இருந்து விழவில்லை. அதற்கு முன்பே அங்கே தமிழர்கள் தங்களைத் தமிழர் என்று பதிவு செய்திருந்தார்கள். தேர்தலில் அவர்களுடைய வாக்குக்குக் கணக்கு இருந்தது. ஒன்ராறியோவில் உயர்நிலைப் பள்ளி மாணவர் தமிழ் படித்தால் அதற்குப் புள்ளி கிடைத்தது. மாதம் என்பது அந்த உழைப்பின் மேல் வைத்த முத்திரை.

இங்கே நம் நிலைமை என்ன? 2023 மார்ச் மாதக் குடிசன மதிப்பீட்டுப் படிவத்தை நினைத்துப் பாருங்கள். இனம் என்ற கேள்விக்குக் கீழே 'இந்தியர்' என்று ஒரு கட்டம் இருந்தது. தமிழ்நாட்டுக்காரர் அதில் டிக் போட்டுவிட்டுப் போய்விட்டார். இலங்கையில் இருந்து வந்தவர் 'மற்றவை' என்ற கோட்டில் 'ஸ்ரீலங்கன்' என்று எழுதினார். பிஜியில் இருந்து வந்தவர் 'பிஜி இந்தியர்' என்றார். அவருடைய பாட்டனார் சென்னையில் கப்பலேறிக் கரும்புத் தோட்டத்துக்குப் போனவராக இருக்கலாம். எல்லோரும் உண்மையைத்தான் எழுதினோம். ஆனால் இனம் என்ற பத்தியில் தமிழரைக் காணவில்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், அரசின் இன வகைப்பாட்டில் 'இந்தியத் தமிழர்', 'இலங்கைத் தமிழர்' என்ற இரண்டு பிரிவுகளும் ஏற்கெனவே இருக்கின்றன. யாரும் புதிதாகப் போராடிப் பெற வேண்டியதில்லை. கோட்டில் எழுதினால் போதும். நாம்தான் எழுதுவதில்லை.

"சரி, அடுத்த முறை எழுதுவம்" என்றால், அந்த அடுத்த முறை பழையபடி வராது. வீட்டுக்கு வீடு படிவம் நிரப்பும் முறையை நிறுத்துவதாக அரசு 2025இல் அறிவித்துவிட்டது. 2030 முதல் அரசுத் துறைகளிடம் ஏற்கெனவே இருக்கிற தரவுகளையும், ஆண்டுதோறும் நடத்தும் ஒரு சிறிய கணக்கெடுப்பையும் வைத்தே எண்ணப் போகிறார்கள். அதாவது பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கும்போதும், டாக்டரிடம் பதியும்போதும் அவசரத்தில் நிரப்புகிற படிவங்களுக்கு இனிமேல் பெரிய மதிப்பு. அங்கே 'தமிழ்' என்று எழுதாவிட்டால் வேறு இடத்தில் எழுத வாய்ப்புக் கிடைப்பது அரிது.

இரண்டாவது, பரீட்சை. சிட்னியில் வளரும் தமிழ்ப் பிள்ளை எச்எஸ்சி பரீட்சையில் தமிழை ஒரு பாடமாக எழுதலாம். மெல்பனில் விசிஇ பரீட்சையிலும் எழுதலாம். டாஸ்மன் கடலைத் தாண்டி இங்கே வந்தால், என்சிஇஏ-யில் தமிழ் இல்லை. நம் வார இறுதி வகுப்புகளில் சின்னப் பிள்ளைகள் நிறைந்திருப்பார்கள், பதினைந்து வயதில் ஆள் இருக்காது. அவர்களைக் குறை சொல்லி என்ன பயன்? சனிக்கிழமை படிப்பதற்கு ஒரு புள்ளியும் இல்லை என்றால் பிள்ளை கணக்கு டியூஷனுக்குத்தான் போகும். என்சிஇஏ-க்குப் பதிலாகப் புதிய தேர்வு முறையைக் கொண்டுவர அரசு 2025இல் முன்மொழிந்தது. தமிழையும் சேருங்கள் என்று கேட்க இதைவிட நல்ல நேரம் வராது.

வழி எது என்று தேட நாம் ரொறன்ரோவரை போக வேண்டியதில்லை. இந்த மண்ணிலேயே பாடம் இருக்கிறது. 1972 செப்டம்பர் 14ஆம் தேதி, மாவோரி மொழியைப் பள்ளிகளில் கற்பிக்க வேண்டும் என்று முப்பதாயிரத்துக்கும் அதிகமானோர் கையெழுத்திட்ட மனு நாடாளுமன்றத்துக்குப் போனது. அதை முன்னெடுத்தவர்களில் ஒக்லாந்தில் உருவான 'ங்கா தமத்தோவா' இளைஞர்களும் இருந்தார்கள். தாய்மொழி சரளமாக வாய்க்காமல் வளர்ந்தவர்கள் பலர் அவர்களில் உண்டு. 1975இல் மாவோரி மொழி வாரம் வந்தது. 1982இல் 'கோஹங்கா ரெயோ' என்ற மொழிக் கூடுகள் திறந்தன. குழந்தைகள் மொழியோடு வளர்ந்தார்கள். 1987இல் அது ஆட்சி மொழி ஆனது. மத்தாரிக்கி பொது விடுமுறையானது 2022இல்தான். அவர்கள் முதலில் விடுமுறை கேட்கவில்லை, வகுப்பறை கேட்டார்கள்.

மாவோரி இந்த மண்ணின் மொழி, நாம் வந்தேறிகள். இரண்டையும் ஒரே தராசில் வைக்க முடியாது. நமக்கு ஆட்சி மொழித் தகுதி யாரும் கேட்கவும் இல்லை. கேட்கிற வரிசையைத்தான் அவர்களிடம் கற்கச் சொல்கிறேன்.

"எங்கட ஆக்களுக்குள்ளேயே ஒற்றுமை இல்லை, இதெல்லாம் நடக்கிற காரியமா?" என்று சிலர் சலிப்பார்கள். சங்கம் சங்கமாகப் பிரிந்து நிற்கிறோம் என்பது உண்மைதான். ஆனால் படிவத்தில் ஒரு சொல் எழுத எந்தச் சங்கத்தின் அனுமதியும் தேவையில்லை. நாடாளுமன்றத்துக்கு மனுப் போட இங்கே வயது வரம்பு கூடக் கிடையாது. இங்கே பிறந்த ஒரு பதினாறு வயதுப் பிள்ளை, "எனக்குத் தமிழில் பரீட்சை எழுத வேண்டும்" என்று தனியாகவே ஒரு மனு கொடுக்கலாம். பொன்னாடை போர்த்திய நம் பெரியவர்கள் நூறு பேர் கேட்பதைவிட அந்தக் குரல் தெளிவாகக் கேட்கும்.

தமிழ் மாதம் வரட்டும், மேடை போட்டுக் கொண்டாடுவோம். ஆனால் அந்த மேடையில் பேச, பதினைந்து வயதைத் தாண்டியும் தமிழ் படித்த ஒரு பிள்ளை நமக்கு வேண்டும். அதற்கான முதல் வேலை, அடுத்த வாரம் உங்கள் கைக்கு வரப்போகிற பள்ளிப் படிவத்தில் இருக்கிறது.