அனுப்ப மறந்தேனா, அனுப்பியதை மறந்தேனா?

போன வாரம் பேத்தி ஆங்கில இலக்கண நோட்டோடு வந்து உட்கார்ந்தாள். ஒரு பக்கத்தில் என்ஜாய், அவாய்ட், டினை. இவற்றுக்குப் பின்னால் 'இங்' சேர்ந்த வினை வரும். எதிர்ப்பக்கத்தில் வான்ட், டிசைட், ரெஃப்யூஸ். இவற்றுக்கு 'டு' வரும். "மொத்தத்தையும் மனப்பாடம் பண்ணணும் தாத்தா" என்றாள். எனக்குப் பழைய வயிற்றெரிச்சல் கிளம்பிவிட்டது.

நான் பிரெஞ்சு மீடியம். 1962 ஆகஸ்ட் 16-இல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு இணைந்தபோது பள்ளிச் சிறுவன். அதன் பிறகும் பிரெஞ்சிலேயே படித்தேன். பிரெஞ்சில் ஒரு வினையை அடுத்து வரும் வினை பெரும்பாலும் மூல வடிவத்தில்தான் நிற்கும். நடுவில் 'ஆ' வருமா, 'த' வருமா, ஒன்றும் வராதா என்பதுதான் அங்கே தலைவலி. இந்த 'இங்' எங்களுக்கு அந்நியம்.

எழுபதுகளில் எல்.டி.சி.யாகச் சேர்ந்தேன். எந்த அலுவலகம் என்பது வேண்டாம். ஒரு முக்கியமான கடிதம் போயிற்றா என்று மேலதிகாரி கேட்டார். அதை முந்தின வாரமே அனுப்பியிருந்தேன்; அனுப்பிய ஞாபகமே இல்லாமல் "இன்னும் இல்லை சார்" என்று சொல்லிவிட்டேன். விளக்கம் கேட்டு மெமோ வந்தது. அதற்குள் எனக்கு ஞாபகம் திரும்பிவிட்டது. அனுப்பியதை மறந்துவிட்டேன் என்று எழுத நினைத்து, பிரெஞ்சுப் பழக்கத்தில் 'ஐ ஃபர்காட் டு சென்ட்' என்று எழுதிக் கொடுத்தேன். அனுப்பவே மறந்துவிட்டேன் என்று ஒப்புக்கொண்டதாகி, எச்சரிக்கை என் ஃபைலில் ஏறிவிட்டது. டெஸ்பாட்ச் ரிஜிஸ்டரைப் புரட்டிப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான். 'ஃபர்காட் சென்டிங்' என்று எழுதியிருந்தால் தப்பித்திருப்பேன்.

என் ஆதங்கம் என்னவென்றால், இந்த வித்தியாசம் தமிழில் பளிச்சென்று இருக்கிறது. அனுப்ப மறந்தேன், அனுப்பியதை மறந்தேன். வர மறுத்தான் என்றால் ரெஃப்யூஸ், 'டு' வரும். வந்ததை மறுத்தான் என்றால் டினை, 'இங்' வரும். 'ஸ்டாப் ஸ்மோக்கிங்' என்றால் புகைப்பதை நிறுத்துவது, 'ஸ்டாப் டு ஸ்மோக்' என்றால் புகைக்க நிற்பது. புகைப்பதை, புகைத்ததை என்று காலத்தைக்கூட நாம் பிரித்துச் சொல்கிறோம். 'இங்' பாவம், இரண்டுக்கும் ஒன்றே. ஆனால் ஆங்கில வகுப்பில் தமிழ் வாயே திறக்கக் கூடாது என்கிறார்கள். கையில் சாவியை வைத்துக்கொண்டு பூட்டை உடைக்கச் சொல்வதுபோல் இருக்கிறது.

எல்லா இடத்திலும் இது செல்லாது, ஒப்புக்கொள்கிறேன். வருவதாக வாக்குக் கொடுத்தான் என்கிறோம். ஆங்கிலத்தில் 'ப்ராமிஸ்' என்றால் 'டு' தான். கடிதத்தின் கடைசியில் நாம் வழக்கமாக எழுதும் 'லுக்கிங் ஃபார்வர்ட் டு' என்பதற்கு அப்புறம், 'டு' இருந்தும் 'ஹியரிங்' என்றுதான் வர வேண்டும். இந்த மாதிரிச் சிலதுக்கு மனப்பாடம்தான் கதி.

பேத்தி கொஞ்ச நேரம் யோசித்தாள். "அப்போ ட்ரை?" என்றாள். அதற்கு இரண்டுமே வரும். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. இருமல் வேறு வந்தது.

"வெந்நீர் குடிச்சுப் பாருங்க தாத்தா" என்றவள், அவளே சிரித்துக்கொண்டு நோட்டில் எழுதினாள்: 'ட்ரை ட்ரிங்கிங்' – குடித்துப் பார். 'ட்ரை டு ட்ரிங்க்' – குடிக்க முயற்சி செய்.