எண்ணாதவை எல்லாம் இல்லாதவையா?

பிலிமத்தலாவையிலும் சுற்றுவட்டாரத்திலும் கல்யாண வீட்டுப் பாட்டுகளைப் பற்றிப் பேச்செடுத்தால், ஐம்பது வயது தாண்டியவர்கள் பெரும்பாலும் ஒரே தீர்ப்பைத்தான் சொல்வார்கள். போனி எம், அபா, பீ ஜீஸ் பாட்டுகள்தான் உண்மையான ஹிட். அவை உலகப் பட்டியல்களில் முதலிடம் பிடித்தவை. எங்கள் பொப் பாட்டுகளுக்குப் பட்டியலும் இல்லை, சொந்தச் சரக்கும் இல்லை. டிஸ்கோவோ மேற்கில் பிறந்து மேற்கிலேயே செத்துப்போனது. தலையாட்டிவிட்டுப் போகக்கூடிய பேச்சுதான். ஆனால் இதில் இருக்கும் நான்கு வாதங்களில் ஒன்றுகூட நின்று பிடிக்காது.

முதல் வாதம்: பட்டியல் பொய் சொல்லாது. பிரிட்டனின் முதல் இசைத்தட்டுப் பட்டியல் 1952 நவம்பரில் ஒரு வார இதழில் வந்தது. அதைத் தயாரித்தவர் சுமார் இருபது கடைகளுக்குத் தொலைபேசியில் பேசி, எது நன்றாகப் போகிறது என்று கேட்டு எழுதிக்கொண்டார். அதுவே நாட்டின் ரசனை ஆயிற்று. அமெரிக்காவின் பில்போர்ட் ‘ஹொட் 100’ 1958 ஓகஸ்டில் தொடங்கியது. 1991 நவம்பர் வரை அதற்கும் கடைக்காரரும் வானொலி நிலையத்தாரும் சொன்னதே ஆதாரம். பட்டைக்குறியை வைத்து விற்பனையை எண்ணியது அதற்குப் பிறகுதான். பாட்டைப் போட வானொலி அறிவிப்பாளர்கள் கம்பெனிகளிடம் காசு வாங்கிய விவகாரத்தை 1959, 1960இல் அமெரிக்கக் காங்கிரஸே விசாரிக்க வேண்டி வந்தது. இன்னொன்றையும் பாருங்கள். போனி எம்மின் ‘ரிவர்ஸ் ஒஃப் பபிலோன்’ 1978இல் பிரிட்டனில் ஐந்து வாரம் முதலிடத்தில் இருந்தது. அதே பாட்டு அமெரிக்காவில் 30ஆம் இடத்தைத் தாண்டவில்லை. பட்டியல்தான் தீர்ப்பு என்றால் இந்த இரண்டில் எதை ஏற்பது?

இரண்டாவது வாதம்: எங்களிடம் பட்டியலே இருக்கவில்லை. 1952இல் இந்தியாவின் தகவல் ஒலிபரப்பு அமைச்சர் பி. வி. கேஸ்கர் அகில இந்திய வானொலியிலிருந்து சினிமாப் பாட்டை ஒதுக்கியபோது, இந்திய நேயர்கள் சிற்றலையில் திரும்பியது கொழும்புப் பக்கம். அந்த ஆண்டு முடிவதற்குள் அமீன் சயானியின் ‘பினாக்கா கீத்மாலா’ இலங்கை வானொலியில் தொடங்கியது. பம்பாயில் பதிவான நாடா விமானத்தில் வந்து இங்கிருந்து ஒலிபரப்பானது. இசைத்தட்டு விற்பனையையும் நேயர் மன்றங்களின் வாக்கையும் வைத்து ஹிந்திப் பாட்டுகளுக்கு அது தரவரிசை கொடுத்தது. வாராவாரம் இந்தியா காத்திருந்து கேட்ட பட்டியல், எங்கள் கொழும்பிலிருந்து போனது.

தமிழ்ப் பொப்புக்கு அப்படி ஒன்று அமையவில்லை என்பது உண்மை. ஆனால் பட்டியல் அமையாததும் பாட்டு ஓடாததும் ஒன்றா? ஏ. ஈ. மனோகரனின் ‘சுராங்கனி’ தமிழும் சிங்களமும் கலந்து இந்த நாட்டில் சுற்றியது. பிறகு பாக்குநீரிணையைத் தாண்டி, 1977இல் இளையராஜா இசையமைத்த ‘அவர் எனக்கே சொந்தம்’ படத்துக்குள்ளும் புகுந்தது. அந்த ஆண்டு இலங்கையின் பொருளாதாரம் திறந்துவிடப்பட்ட பின் கசெட் பெட்டிகள் வீடுவீடாக வந்தன. வெற்றுக் கசெட்டைக் கொடுத்தால் கடைக்காரரே பாட்டைப் பதிந்து தருவார். எத்தனை பிரதி போனது என்று எவரும் எழுதி வைக்கவில்லை.

மூன்றாவது வாதம்: எங்கள் பொப் வெறும் நகல். அந்த அளவுகோலைப் போனி எம்மின் மீதே வைத்துப் பார்ப்போம். ‘ரிவர்ஸ் ஒஃப் பபிலோன்’ ஜமைக்காவின் மெலோடியன்ஸ் குழு 1970இல் வெளியிட்ட பாட்டு. போனி எம் வெளியிட்ட இசைத்தட்டின் மறுபக்கத்தில் இருந்தது கரீபியன் சிறுவர்கள் பாடி விளையாடும் பாட்டு. போனி எம் குழுவை உருவாக்கியவர் ஜெர்மானியரான ஃபிராங்க் ஃபாரியன். மேடையில் பொபி ஃபாரல் ஆட, இசைத்தட்டில் ஒலித்த ஆண் குரல் ஃபாரியனுடையது. கடன் வாங்குவது குற்றம் என்றால் முதல் குற்றவாளி அவர்கள்தான்.

எங்கள் பைலாவுக்குள்ளும் போர்த்துக்கேயரும், இந்தத் தீவில் குடியேறிய ஆபிரிக்க வம்சாவளியினரும் விட்டுச்சென்ற தாளம் இருக்கிறது. 1940களில் வொலி பஸ்டியன் அதைச் சிங்களப் பாட்டாக மேடையேற்றினார். நிதி கனகரத்தினம் கிட்டாரோடு பாடியபோதோ உள்ளே இருந்தது யாழ்ப்பாணத்துப் பேச்சு, சின்ன மாமியிடம் காட்டும் குறும்பு, கள்ளுக்கடைக்குப் போகிறவனுக்குச் சொல்லும் புத்தி. இதில் எந்த வெள்ளைக்காரனின் நகல் இருக்கிறது? பிலிமத்தலாவையிலிருந்து பிரியும் பாதையில் இருக்கும் கடலாதெனிய விகாரையை 1344இல் தென்னிந்தியப் பாணியில் எழுப்பியவர் கணேசுவராச்சாரி என்ற ஸ்தபதி. அதை இரவல் கோயில் என்று இந்த ஊரில் எவரும் சொல்வதில்லை. கல்லுக்கு ஒரு நியாயம், பாட்டுக்கு ஒரு நியாயமா?

நான்காவது வாதம்: டிஸ்கோ மேற்கின் சொத்து, அங்கேயே முடிந்தது. 1979 ஜூலை 12இல் சிகாகோவின் பேஸ்போல் மைதானத்தில் டிஸ்கோ இசைத்தட்டுகளைக் குவித்து வெடிவைத்துத் தகர்த்தார்கள். அதை டிஸ்கோவின் மரணச் சடங்கு என்பார்கள். ஆனால் அடுத்த ஆண்டே ‘குர்பானி’ படத்தில் பாகிஸ்தானின் நாசியா ஹசன் பதினைந்து வயதில் பாடிய டிஸ்கோ பாட்டு துணைக்கண்டத்தை ஆட்டிவைத்தது. 1982இல் பப்பி லஹிரி இசையில் ‘டிஸ்கோ டான்ஸர்’ வந்து சோவியத் யூனியன் வரை போனது. நாசியாவின் பாட்டுக்கு இசையமைத்த பித்து பெங்களூரில் பிறந்தவர். கார்ல் டக்ளஸ் பாடி, 1974இல் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் முதலிடம் பிடித்த ‘குங் ஃபூ ஃபைட்டிங்’ அவருடைய தயாரிப்புத்தான். மேற்கின் சொத்து என்கிறோமே, அதைக் கட்டியவர்களில் ஒருவர் எங்கள் பக்கத்து ஆள்.

மறுதரப்பில் ஒரு நியாயம் இருப்பதை மறைக்கத் தேவையில்லை. பட்டியல் ரசனையைச் சரியாக அளந்ததோ இல்லையோ, ஒரு கணக்கை உண்டாக்கியது. கணக்கு இருந்த இடத்தில் பாட்டுக்காரருக்குக் காசு கேட்க வழி இருந்தது. இங்கே கசெட் பிரதிகளுக்குக் கணக்கில்லை. 1983 இனக் கலவரத்துக்குப் பின் பாடியவர்களும் கேட்டவர்களும் நாடு நாடாகச் சிதறினார்கள். நட்டம் உண்மை, அதற்குக் காரணம் பாட்டின் தரம் என்பதுதான் பொய்.

அந்தக் கணக்கை இப்போதும் தொடங்கலாம். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, ஒரு படைப்பின் உரிமை படைத்தவரின் வாழ்நாளோடு இன்னும் 70 ஆண்டுகளுக்கு நிற்கும். 1970களின் பொப் பாட்டு எதுவும் இன்னும் பொதுச் சொத்தாகிவிடவில்லை. பழைய பாட்டை ஒலிபரப்பும் வானொலியும், அதை வைத்துப் போட்டி நடத்தும் தொலைக்காட்சியும் எழுதியவர், இசையமைத்தவர், பாடியவர் பெயரைப் பதிந்து, உரியவருக்கோ வாரிசுக்கோ உரிய பணத்தைக் கொடுக்கட்டும். முதலிடம் யாருக்கு என்ற வாக்குவாதத்தைப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.