செல்போன் பிணமும் ஊர்ப் பேயும்

ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து சில பெரியவர்கள், தங்கள் ஊர் வாலிபர்கள் செல்போனில் பேய் சுடும் ஆட்டம் ஆடிக் கெட்டுப்போகின்றார்கள் என்றும், நாம் அதைக் கண்டித்து எழுத வேண்டும் என்றும் கேட்டிருக்கின்றார்கள். எழுத நமக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் அவர்கள் எதிர்பார்க்கின்றபடி எழுத முடியுமா என்பதுதான் சந்தேகம்.

முதலில் அந்த ஆட்டம் இன்னதென்று பார்ப்போம். 2012-ல் வெளிவந்த 'ஏர்ன் டு டை' இவ்வகையில் ஒன்று. செத்த பிணங்களெல்லாம் எழுந்து வந்து ரோட்டை மறிக்கும். ஆடுகிறவனுக்கு ஓர் ஓட்டைக் காரும் கொஞ்சம் எண்ணெயும் உண்டு. எண்ணெய் தீருகிற வரையில் பிணங்களை மோதித் தள்ளிக்கொண்டு போக வேண்டியது. போன தூரத்துக்குத் தகுந்த கூலி. அந்தக் காசில் பெரிய எஞ்சினும், புது டயரும், கூரைமேல் துப்பாக்கியும் வாங்கிப் பூட்டி மறுபடியும் கிளம்ப வேண்டியது. இவ்வளவுதான்!

இதனால் பொழுதும் தூக்கமும் கெடுவது மெய்யே. இத்தனை மணிக்குமேல் கூடாதென்று வீட்டிலேயே திட்டம் செய்துகொள்ளலாம். பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களைத் தடுக்க 2025-ல் பார்லிமெண்டு சட்டம் செய்தது வேறு விஷயம்.

நிற்க, இந்தப் பிணம் எங்கிருந்து வந்தது? ஆப்பிரிக்க மக்களைப் பிடித்து வந்து, பிரெஞ்சுக்காரர்கள் கரும்புத் தோட்டங்களில் அடிமைகளாய் வதைத்த ஹைத்தி நாட்டிலிருந்து வந்தது. செத்தாலாவது விடுதலை என்றிருந்தவனுக்கு, செத்த பின்பும் மந்திரவாதி எழுப்பி வேலை வாங்குவான் என்கின்ற பயம். அதற்குத்தான் 'ஜாம்பி' என்று பெயர். அந்த அடிமைகள் 1791-ல் கிளர்ச்சி செய்து, 1804-ல் சுதந்திர நாடு கண்டார்கள். பிறகு 1932-ல் அமெரிக்க சினிமாக்காரர்கள் ஜாம்பியைப் பிடித்துக்கொண்டார்கள். 1968-ல் வந்த ஒரு படம் அதை மனிதரைத் தின்னும் பிணமாக்கிற்று. 2016-ல் 'மிருதன்' வழியாக அது தமிழுக்கும் வந்தது. இளைப்பாறக்கூட வழியில்லாத கூலியாளின் துயரம், அவன்மீதே காரை ஏற்றுகின்ற வேடிக்கையாக முடிந்தது. ஆட்டத்தின்மீது நமக்குள்ள குறை இதுதான். இது நமக்குச் சம்பந்தமற்ற கதையுமல்ல. 1848-ல் பிரெஞ்சுத் தீவுகளில் அடிமை முறை ஒழிந்த பின், ஹைத்திக்கு அப்பாலுள்ள மார்த்தினீக், குவாதலூப் தீவுகளின் கரும்புத் தோட்டங்களுக்குப் புதுச்சேரியிலும் காரைக்காலிலும் கப்பலேற்றப்பட்டவர்கள் தமிழ்க் கூலிகளே.

இனிப் பெரியவர்களைக் கேட்கின்றோம். பையன் சுடுகின்ற பிணம் பொய்யென்று பையனுக்குத் தெரியும். போனை அணைத்தால் பிணமும் போயிற்று. உங்கள் பேய் அப்படியா? வீட்டுப் பெண் நாலு நாள் பேசாமல் உட்கார்ந்திருந்தால் டாக்டரைத் தேடுகின்றீர்களா, உடுக்கையடிக்கின்றவனைத் தேடுகின்றீர்களா?

2001 ஆகஸ்டு 6-ந் தேதி இராமநாதபுரம் ஜில்லா ஏர்வாடியில், ஒரு தனியார் காப்பகத்துக் கீற்றுக் கொட்டகை தீப்பிடித்தது. அதில் மனநோயாளிகளைச் சங்கிலியால் கட்டி வைத்திருந்தார்கள். 28 பேர் வெந்து மாண்டார்கள். நோயைப் பேயென்றும் செய்வினையென்றும் நம்பி அந்த ஊருக்கு இப்படிப்பட்டவர்களைக் கொண்டுபோய் விட்டு வந்தவர்கள் அன்னியர்களல்ல, பெற்றவர்களும் உடன்பிறந்தவர்களுந்தான். தீ நெருங்கியபோது சங்கிலி அவர்களை ஓட விடவில்லை.

ஸ்ரீமுஷ்ணத்துப் பெரியவர்கள் கண்டிக்கச் சொல்லுகின்ற பேய் இதுவானால், வாரந்தோறும் எழுத நாம் தயாராக இருக்கின்றோம்.