விதைநெல்லை அவித்த கதை

சகோதரிகளே, குழந்தைகளின் விளையாட்டுச் சாமான்தானே என்று அலட்சியமாக இருந்து நான் பட்ட பாட்டைக் கேளுங்கள்.

சிங்கப்பூரில் இருக்கும் என் தம்பி, பொங்கலுக்குத் தஞ்சாவூர் வந்தபோது தன் பழைய பி.எஸ்.பி.யை என் பிள்ளைக்குக் கொடுத்தான். சோனி கம்பெனி 2004-ல் ஜப்பானில் வெளியிட்ட கையடக்க வீடியோ கேம் அது. அதற்குள் 'ஃபர்ம்வேர்' என்று ஓர் ஆதாரப் புரோகிராம் உண்டு. வயலுக்கு விதைநெல் மாதிரி. அது கெட்டால் எல்லாம் போச்சு.

பழைய ஃபர்ம்வேரில்தான் வெளியார் எழுதிய விளையாட்டுகள் சுலபமாக ஓடும் என்று யாரோ சொல்ல, புதியதை அழித்துப் பழையதை ஏற்றும் இனாம் புரோகிராம் ஒன்றைப் பிள்ளை டவுன்லோடு செய்துவிட்டான். பாட்டரி உப்பியிருந்ததால் அதைக் கழற்றிவிட்டு, சார்ஜர் ஒயரை நம்பியே ஆரம்பித்திருக்கிறான். பாதியில் கரண்ட் போயிற்று! அதன்பின் திரையில் ஓர் எழுத்துகூட இல்லை. "மாமாகிட்ட சொல்லாதேம்மா" என்று ஒரே அழுகை.

மறைக்க மனம் வராமல் தம்பிக்கு நானே போன் செய்தேன். "கம்பெனி அப்டேட்டுன்னா, பாட்டரியில் போதிய சார்ஜ் இல்லாம தொடங்கவே தொடங்காதே, அக்கா!" என்றவன் பழைய கதைகளையும் சொன்னான்.

2005 செப்டம்பரில், 2.0 ஃபர்ம்வேரை 1.5 ஆக மாற்றும் புரோகிராம் வந்தது. பலருக்கு ஒழுங்காகவே வேலை செய்தது. மறுமாதமே அதேபோல வேஷம் போட்டு ஒரு நாசகாரப் புரோகிராம் கிளம்பிற்று. நம்பி ஏற்றியவர்களின் முக்கிய ஃபைல்களை அழித்து, கருவியை வெறும் டப்பாவாக்கியது. 2006-ல் இன்னொரு விபரீதம். பார்வைக்கு ஒரே மாதிரி இருந்த கருவிகளில் சிலவற்றினுள் 'டி.ஏ.-082' என்ற வேறு போர்டு. அதில் 1.5-ஐ ஏற்றினால் கருவி படுத்துவிடும்.

2007-ல், பாட்டரியை விசேஷமாக மாற்றி, செத்த கருவிகளுக்கு உயிர் கொடுக்கும் வழி கண்டார்கள். ஆனால் பழைய மாடல்களுக்குத்தான். எங்களுடையது பிழைக்குமா என்று, விஷயம் தெரிந்தவரிடம் கொடுத்துக் காத்திருக்கிறோம்.

நான் கற்றது இதுதான்: ஒருவருக்குப் பலித்தது நமக்கும் பலிக்கும் என்று நம்பக்கூடாது. எந்த மாடல், உள்ளே எந்தப் போர்டு, புரோகிராம் எங்கிருந்து வந்தது, பாட்டரி சரியா... இவை தெரியாமல் தொடவே கூடாது. உப்பிய பாட்டரியைக் குத்தவோ, அழுத்தவோ, சார்ஜ் போடவோ வேண்டாம், தீப்பிடிக்கும்.

தம்பி கோபிக்கவில்லை. "முதலிலேயே என்னைக் கேட்டிருக்கலாமேடா" என்றான், அவ்வளவுதான். கேட்டால் திட்டு விழும் என்று பிள்ளை பயந்ததற்கு நானும்தானே காரணம்?