கடைமடைக்கு வந்து சேர்ந்த சுற்றறிக்கை

ஐப்பசி பிறந்து மழை பிடித்துக்கொண்டால் எங்கள் மன்னார்குடியில் காலை 6 மணிக்கு எல்லா வீட்டிலும் ஒரே கேள்விதான்.

"இன்னைக்கு ஸ்கூல் உண்டா, லீவா?"

போன வாரம் எங்கள் தெருவில் ஒரு கூத்து நடந்தது. எதிர்வீட்டுப் பையன் கையில் அம்மாவின் போன். அதில் விடுமுறை அறிவிப்பு. 'ஹைய்யா' என்று கத்தியபடி போர்வைக்குள் மறுபடியும் புகுந்துவிட்டான். கால் மணி நேரம் கழித்து அவன் தாத்தா மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிதானமாகப் படித்தார். "டேய், இது போன வருஷத்துத் தேதிடா!"

அப்புறம் என்ன? ஒரு கையில் இட்லி, ஒரு கையில் குடையுடன் பையன் ஓடின ஓட்டத்தைத் தெருவே பார்த்துச் சிரித்தது.

அன்றைக்கு என் அக்கா மகள் வீட்டுக்கு வந்திருந்தாள். மன்னார்குடிக்குத் தெற்கே ஒரு கிராமத்து நடுநிலைப்பள்ளியில் ஆசிரியை. அவள் மட்டும் சிரிக்கவில்லை.

"அறிவிப்பை அனுப்பறது சுலபம் சித்தி. அது போய்ச் சேர்ந்துச்சான்னு பார்க்கறதுதான் வேலை. கொரோனா நேரத்துல நான் அதைக் கத்துக்கிட்டேன்" என்றாள்.

காபி ஆறிப்போகிற வரைக்கும் அவள் சொன்ன கதையைத்தான் இந்த வாரம் உங்களிடம் சொல்லப் போகிறேன்.

ஒரு தேர்வு... எத்தனை தேதி!

அந்த நாட்கள் ஞாபகம் இருக்கிறதா? 2020 மார்ச் மாதம் பள்ளிகள் மூடப்பட்டன. மார்ச் 27-ல் தொடங்க வேண்டிய பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு தள்ளிப்போனது. பிறகு ஜூன் 1 என்றார்கள். அப்புறம் ஜூன் 15 என்றார்கள். ஹால் டிக்கெட் கொடுக்கும் வேலையெல்லாம் ஆரம்பித்த பிறகு, ஜூன் 9-ம் தேதி 'தேர்வே கிடையாது, எல்லோரும் தேர்ச்சி' என்று முதலமைச்சர் அறிவித்தார். ஒன்பது லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் அந்த மூன்று மாதமும் புத்தகத்தை மூடவும் முடியாமல், திறக்கவும் பிடிக்காமல் இருந்தார்கள்.

அதே வருஷம் நவம்பரில் இன்னொன்று. 16-ம் தேதி முதல் 9 முதல் 12 வரை வகுப்புகள் திறக்கும் என்று அறிவிப்பு வந்தது. 9-ம் தேதி பெற்றோரைப் பள்ளிக்கு அழைத்துக் கருத்துக் கேட்டார்கள். 12-ம் தேதி 'இப்போது திறக்கவில்லை' என்று சொல்லிவிட்டார்கள். கடைசியில் 10, 12-ம் வகுப்புகளுக்கு 2021 ஜனவரி 19-ல்தான் கதவு திறந்தது. ஒன்று முதல் எட்டு வரை படிக்கும் பிள்ளைகள் அந்த வருஷம் நவம்பர் 1 வரை காத்திருந்தார்கள்.

நான் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. நோய் போகிற போக்கு யாருக்கும் தெரியாத நேரம். உலகம் முழுக்க இப்படித்தான் தேதிகள் மாறிக்கொண்டே இருந்தன. ஆனால், ஒவ்வொரு முறை தேதி மாறும்போதும் அந்தச் சேதியை யாரோ ஒருவர் கடைசி வீடு வரைக்கும் கொண்டுபோக வேண்டியிருந்தது. அந்த 'யாரோ ஒருவர்' யார் என்பதுதான் கதையே.

மேட்டூரும் சுற்றறிக்கையும்

எங்கள் ஊர்க்காரர்களுக்கு இதைப் புரியவைப்பது சுலபம். மேட்டூரில் தண்ணீர் திறந்தாயிற்று என்று பேப்பரில் போடுவார்கள். அதைப் படித்துவிட்டு வயலில் தண்ணீர் நிற்பதாக யாராவது நினைப்போமா? கல்லணைக்கு வரவேண்டும். வெண்ணாற்றில் ஓடி நீடாமங்கலம் மூணாறு தலைப்புக்கு வரவேண்டும். அங்கிருந்து பிரிந்து பாமணியாற்றில் இறங்கி, வாய்க்கால் புகுந்து, அப்புறம்தான் கடைமடை. நடுவில் ஒரு மதகு அடைத்திருந்தால்கூடக் கடைமடைக்காரன் வானத்தைத்தான் பார்க்க வேண்டும்.

பள்ளிக்கூடத்துச் சேதியும் அப்படித்தான் வருகிறது. சென்னையில் கிளம்பி, மாவட்டத்தின் முதன்மைக் கல்வி அலுவலர், கல்வி மாவட்ட அலுவலர், வட்டாரக் கல்வி அலுவலர், தலைமையாசிரியர், வகுப்பாசிரியர் என்று மதகு மதகாக இறங்கி, கடைசியில் ஓர் அம்மாவின் காதில் விழவேண்டும்.

முன்பெல்லாம் இந்தக் கடைசி மதகு பள்ளிக்கூடமேதான். உதவியாளர் சுற்றறிக்கை நோட்டை வகுப்பு வகுப்பாகக் கொண்டுவருவார். டீச்சர் உரக்கப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுவார். சாயங்காலம் பிள்ளைகள் வீட்டுக்குப் போய், புளியைக் கரைத்துக்கொண்டிருக்கும் அம்மாவிடம் ஒப்பிப்பார்கள். முடிந்தது.

பள்ளியை மூடியதும் அந்த மதகும் மூடிக்கொண்டது. அந்த இடத்துக்கு வந்ததுதான் வாட்ஸ்அப் குரூப்.

நீல டிக் சொன்ன பொய்

என் அக்கா மகளின் எட்டாம் வகுப்பில் அப்போது 31 பிள்ளைகள். குரூப்பில் சேர்க்க முடிந்தது 19 வீட்டு நம்பர். மீதி வீடுகளில் பட்டன் போன். சில வீடுகளில் அதுவும் இல்லை.

இது அந்த ஒரு கிராமத்துக் கதை மட்டும் இல்லை. நாட்டின் கிராமப்புறங்களில் 'அசர்' என்ற ஆய்வு எடுப்பார்கள். பள்ளியில் படிக்கும் பிள்ளைகளின் வீடுகளில் 2018-ல் 36.5 சதவீத வீடுகளில்தான் ஸ்மார்ட்போன் இருந்தது. 2021-ல் அது 67.6 சதவீதமாகிவிட்டது. கடன் வாங்கியாவது வாங்கியிருக்கிறார்கள். ஆனாலும், வீட்டில் போன் இருந்தும் நான்கில் ஒரு பிள்ளைக்கு மேல் அது கைக்குக் கிடைக்கவே இல்லை என்கிறது அதே 2021 ஆய்வு. போன் அப்பாவோடு வேலைக்குப் போய்விடும் அல்லவா?

அந்த ஆடி மாதம் பாடப்புத்தகம் கொடுப்பதற்கான அறிவிப்பு வந்தது. 'பார்வையில் காணும் செயல்முறைகளின்படி மாணாக்கர்களுக்குரிய விலையில்லாப் பாடநூல்களை உரிய வழிகாட்டு நெறிமுறைகளைப் பின்பற்றி...' என்கிற தோரணையில் ஒன்றரைப் பக்கம். இவளும் அப்படியே குரூப்பில் போட்டுவிட்டாள். 'ஓகே டீச்சர்' நான்கு, கும்பிடு போடும் கை ஏழு, நடுவில் யாரோ அனுப்பிய ரோஜாப்பூ 'காலை வணக்கம்'.

நீல டிக் விழுந்துவிட்டது. எல்லோரும் பார்த்துவிட்டார்கள் என்று இவளும் நிம்மதியாக இருந்துவிட்டாள்.

வந்து புத்தகம் வாங்கியவர்கள் 14 பேர்.

வராதவர்களில் ஒரு பெண். வகுப்பில் நன்றாகப் படிக்கிறவள். அவள் அப்பாவின் நம்பர் குரூப்பில் இருக்கிறது, சேதியைப் பார்த்ததற்கு அடையாளமும் இருக்கிறது. பிறகு, அரிசியும் பருப்பும் வாங்கிப் போகச் சொல்லி இன்னொரு அறிவிப்பு போனது. சத்துணவுக்குப் பதிலாகப் பிள்ளைகளுக்குக் கொடுத்தார்களே, அது. அதற்கும் அந்த வீட்டிலிருந்து ஆள் வரவில்லை.

இவளுக்கு மனசு கேட்கவில்லை. ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு போனாள். வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டுப் பாட்டி கையை நீட்டிய திசையில் வரப்போரமாக நடந்தாள்.

அந்த வருஷம்தான் பல வருஷங்களுக்குப் பிறகு மேட்டூர் ஜூன் 12-ல் சரியாகத் திறந்திருந்தார்கள். எங்கே பார்த்தாலும் குறுவை நடவு. சேற்றுக்குள் குனிந்து அம்மாவுக்குப் பக்கத்தில் நாற்று பறித்துக்கொண்டிருந்தாள் அந்தப் பெண். டீச்சரைப் பார்த்ததும் நிமிர்ந்தவள், கையிலிருந்த நாற்று முடியைப் பின்னால் மறைத்துக்கொண்டாளாம்.

"ஏன்க்கா, குரூப்புல போட்டிருந்தேனே, பார்க்கலையா?"

அந்த அம்மா சொன்ன பதில் இது: "போனு அவரோட நெல்லு லாரியில போயிருக்கு டீச்சர். புஸ்தகச் சேதியும் லாரியிலதான் சுத்திக்கிட்டு இருக்கும்!"

அப்பா லாரி ஓட்டுநர். ஈரோட்டுப் பக்கம் எங்கேயோ ஒரு சாலையோரத்தில் வண்டியை நிறுத்திவிட்டு அந்த அறிவிப்பைப் பார்த்திருக்கிறார். வீட்டில் வேறு போன் இல்லை, யாரிடம் சொல்வது? 'பக்கத்து வீட்டுக்காரங்க சொல்லிடுவாங்க' என்று நினைத்திருக்கிறார். பக்கத்து வீட்டுக்காரர்கள், 'அவங்களுக்குத்தான் போன் இருக்கே' என்று நினைத்திருக்கிறார்கள்.

யார்மீது தப்பு சொல்வீர்கள்? சேதி போனது உண்மை. பார்த்ததும் உண்மை. ஆனால் புத்தகம் அந்தப் பிள்ளையின் கைக்கு வரவில்லை.

"பள்ளிக்கூடம் இனிமே எப்பத் திறக்குமோ... இவளும் ஒரு ஆள் கூலி வாங்குறா" என்றும் அந்த அம்மா சொன்னாராம். அதைக் கேட்டதும்தான் இவளுக்கு அடிவயிறு கலங்கியது. அது நடுநிலைப்பள்ளி. எட்டோடு முடிந்துவிடும். ஒன்பதாவதுக்கு வேறு பள்ளியில் சேர வேண்டும். இரண்டு அறிவிப்பு தவறினால் மூன்றாவது அறிவிப்பு 'அட்மிஷன்' ஆக இருக்கும். அதுவும் தவறினால் அந்தப் பெண் வயலிலேயே நின்றுவிடுவாள்.

ஆறே வரி போதும்

மறுநாள் இவள் இரண்டு வேலை செய்தாள்.

ஒன்று, சுற்றறிக்கையை அப்படியே அனுப்புவதை நிறுத்தினாள். அதைப் படித்துப் புரிந்துகொண்டு தானே எழுதினாள். 'நாளை செவ்வாய்க்கிழமை. காலை 10 மணி. எட்டாம் வகுப்புப் பிள்ளைகளின் அம்மா அல்லது அப்பா மட்டும் வரவும். புத்தகம் தருகிறோம், பணம் வேண்டாம். முகக்கவசம் போட்டு வாருங்கள். நாளை முடியாதவர்கள் புதன்கிழமை வரலாம்.' ஆறே வரி. எழுத்துக்கூட்டிப் படிக்கச் சிரமப்படுகிறவர்களுக்காக அதையே தன் குரலில் பேசியும் அனுப்பினாள்.

இரண்டு, போன் இல்லாத வீடுகளைத் தெருவாரியாக ஒரு நோட்டில் எழுதினாள். ஒவ்வொரு தெருவுக்கும் ஒரு பிள்ளையைப் பொறுப்பாக்கினாள். சேதி வந்தால் அந்தப் பிள்ளை வீடு வீடாகப் போய், வாசலில் நின்றபடியே சொல்லிவிட்டு வரவேண்டும். பெரியவர்களிடம் 'சொன்னாள்' என்று ஒரு கையெழுத்து. ரேஷன் கடைச் சுவரிலும் டீக்கடைப் பலகையிலும் ஒரு தாள்.

வயலில் நின்ற அந்தப் பெண்ணின் தெருவுக்கு யார் பொறுப்பு தெரியுமா? அவளேதான்!

"சேதி சொல்ற பிள்ளையே பள்ளிக்கூடத்தை விட்டு நிக்க முடியுமா சித்தி?" என்று கண் சிமிட்டினாள் என் அக்கா மகள்.

கல்வித் தொலைக்காட்சியில் பாடம் வந்தபோதும் இந்தப் பிள்ளைகள்தான் கைகொடுத்தார்கள். எந்த வகுப்புக்கு எத்தனை மணிக்குப் பாடம் என்கிற அட்டவணையைத் தாளில் எழுதி வீட்டுக்கு வீடு கொடுத்தார்கள். டிவி இல்லாத பிள்ளைகள் யார் வீட்டில் போய் உட்காரலாம் என்பதையும் அவர்களே முடிவு செய்தார்கள்.

பிறகு 2021 அக்டோபர் 27-ல் 'இல்லம் தேடிக் கல்வி' திட்டம் ஆரம்பித்தபோது, அந்தந்தத் தெருவிலேயே தன்னார்வலர்களைத் தேடினார்கள். சாயங்காலம் 5 முதல் 7 மணி வரை திண்ணையிலும் கோயில் வாசலிலும் பாடம் நடந்தது. பூட்டிய பள்ளிக்கும் வீட்டுக்கும் நடுவே கடைசியில் ஒரு மனுஷர்தான் நிற்க வேண்டியிருந்தது.

நம் பங்குக்கு என்ன செய்யலாம்?

கொரோனா போய்விட்டது. குரூப் போகவில்லையே! மழை விடுமுறை, தேர்வுக் கட்டணம், உதவித்தொகைக்குக் கடைசித் தேதி எல்லாம் இப்போதும் அதில்தான் வருகின்றன. பொதுத்தேர்வு முடிவுகூடப் பள்ளியில் கொடுத்திருக்கும் நம்பருக்குத்தான் குறுஞ்செய்தியாக வருகிறது. அதனால் சில விஷயங்கள்.

நம்பர் மாற்றினால் முதலில் பள்ளிக்குச் சொல்லுங்கள். வெளியூர் போகிறவரின் நம்பரை மட்டும் கொடுக்காமல், வீட்டில் இருப்பவர் நம்பரையும் சேர்த்துக் கொடுங்கள்.

அறிவிப்பைப் பார்த்ததும் முதலில் தேதியைப் பாருங்கள். எந்த மாவட்டம் என்று பாருங்கள். அப்புறம் போர்வைக்குள் புகலாம்!

குரூப்பில் ரோஜாப்பூ அனுப்பும் அன்பு நெஞ்சங்களே... பூவைச் சொந்தக்காரர்கள் குரூப்பில் போடுங்கள். பள்ளிக்கூடக் குரூப்பில் வேண்டாம்.

எல்லாவற்றையும்விட முக்கியம், நமக்கு வந்த சேதி பக்கத்து வீட்டுக்கும் தெரியும் என்று நினைக்காதீர்கள். காய் வாங்கப் போகும்போது ஒரு குரல் கொடுத்தால் போதும்.

அந்தப் பெண் என்ன ஆனாள் என்றுதானே கேட்கிறீர்கள்? ஒன்பதாவதில் சேர்ந்தாள். பிளஸ் டூ முடித்தாள். இப்போது கல்லூரிக்கு பஸ்ஸில் போய் வருகிறாள். போன வாரம் மழை கொட்டிய அதே காலையில் என் அக்கா மகளுக்கு அவளிடமிருந்து போன் வந்தது.

"டீச்சர், ஸ்கூல் லீவு இல்லைதானே? எங்க தெருவுல யாரோ பழைய சேதியைப் பரப்பிட்டாங்க. நான் வீடு வீடாப் போய்ச் சொல்லிட்டு வந்துட்டேன்."

உங்கள் தெருவில் அப்படி ஒரு பிள்ளை இருக்கிறாளா தோழிகளே? இல்லையென்றால், நாளைக் காலையிலிருந்து நீங்களே இருங்களேன்!